முதல் விதி இரண்டாம் விதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறதே, பிறகு தனியாக எதற்கு?

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். சென்ற ஆண்டிலிருந்தே தீராமல் இருக்கும் இரண்டு சந்தேகங்களை இங்கே வைக்கிறேன்.

முதலாவது. நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் விசை என்கிறது நியூட்டனின் இரண்டாம் விதி. விசை சுழி என்று போட்டால் முடுக்கமும் சுழி. அதாவது நிற்பது நின்றுகொண்டே இருக்கும், ஓடுவது நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் விதி சொல்வதும் இதைத்தானே? ஒரே வரியில் கிடைத்துவிடும் ஒன்றுக்குத் தனி எண் கொடுத்து எதற்காக வைத்திருக்கிறார்கள்? வகுப்பில் கேட்டபோது, "இரண்டு மதிப்பெண் கேள்வி, எழுதிவிட்டுப் போ" என்று பதில் வந்தது. பின்வரிசையிலிருந்து சிரிப்பும் வந்தது.

இரண்டாவது. இரண்டாம் விதியில் வரும் நிறை, ஒரு பொருளை அசைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்கிறது. ஈர்ப்பு விதியில் வரும் நிறையோ, பூமி அதை எவ்வளவு இழுக்கிறது என்பதைக் குறிக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஆனால் விழும் பொருளுக்குக் கணக்குப் போடும்போது இரு பக்கமும் ஒரே எழுத்தை எழுதி, அடித்துவிடுகிறோம். அப்படி அடித்துவிட நமக்கு யார் அனுமதி கொடுத்தது?

ராயபுரம் வாத்தியார் எழுதியது:

அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உன் முதல் கேள்வியை என்னிடம் கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானே மாணவனாக இருந்தபோது கேட்டதில்லை. இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போகும் மாநகரப் பேருந்தில் நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள். இருக்கைக்கு அடியில் யாரோ குடித்துவிட்டுப் போட்ட காலித் தண்ணீர் பாட்டில் கிடக்கிறது. டோல்கேட் நிறுத்தத்தில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். பாட்டில் தானாகப் புறப்பட்டு, கடகடவென்று முன்னால் உருண்டு, நடத்துநரின் காலில் போய் இடிக்கிறது. அதைத் தள்ளியது யார்? எந்தக் கையும் தொடவில்லை, காற்றும் அடிக்கவில்லை. உராய்வைச் சிறியது என்று விட்டுவிட்டால், கிடைமட்டத்தில் அதன் மீது எந்த விசையும் இல்லை. ஆனால் பேருந்துக்குள் உட்கார்ந்து அளக்கும் உனக்கு அது முடுக்கம் பெற்றுவிட்டது. விசை சுழி, முடுக்கம் சுழியல்ல. அந்த நான்கைந்து விநாடிகளுக்கு, பேருந்துக்குள் இருப்பவர்களைப் பொறுத்தவரை இரண்டாம் விதி பொய்.

சாலையோரம் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு இதில் எந்தப் புதிரும் இல்லை. பாட்டில் ஏற்கெனவே வந்த வேகத்திலேயே போகிறது. பேருந்துக்குத்தான் வேகம் குறைந்தது என்று அவர் சொல்வார்.

ஆக, இரண்டாம் விதி எல்லார் பார்வையிலும் செல்லுபடியாவதில்லை. எந்தப் பார்வையில் அது செல்லும் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். முதல் விதி அதைத்தான் சொல்கிறது: விசை எதுவும் தீண்டாத பொருள் நேர்கோட்டில் சீராகச் செல்வதாகத் தோன்றும் பார்வைகள் உலகில் உண்டு. உன் பாடநூல் அவற்றை நிலைமக் குறிப்பாயங்கள் என்று அழைக்கிறது. விசை சுழி என்று போட்டு நீ பெற்ற வரி, அப்படி ஒரு குறிப்பாயத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டு எழுதிய வரி. இரண்டாம் விதி வீடு என்றால், முதல் விதி மனைப் பட்டா.

பெரம்பூர் பட்டறை எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னது சரிதான், ஆனால் பூக்கட்டும் அம்மாவும் முழுதாகத் தப்பிக்க முடியாது. அவர் உட்கார்ந்திருக்கும் தரையே சுழன்றுகொண்டிருக்கிறது. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், நாம் எல்லாரும் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி வட்டமடிக்கிறோம். அந்த வட்டப் பாதைக்கான முடுக்கம் விநாடிக்கு விநாடி 0.033 மீட்டர் அளவுக்கு வரும். ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு.

பாரிஸில் 1851-இல் ஃபூக்கோ நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, அதன் ஆட்டத் தளம் மெல்லத் திரும்புவதைக் கண்ணால் காட்டினார். துருவத்தில் அது ஒரு நாளில் ஒரு சுற்றுத் திரும்பும். சென்னையில் அதே சுற்றுக்கு 105 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் ரயில் பெட்டி கட்டும் வேலையில் இருந்தவன். வளைவில் வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்குண்டு, ஆனால் பூமி சுழல்வதை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்ததில்லை. எனவே தரை நிலைமக் குறிப்பாயமா என்று கேட்டால், எத்தனை தசமப் புள்ளி வரைக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

பேருந்தும் இல்லை, தரையும் இல்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது, சூரியனும் எதையோ சுற்றுகிறது. அப்படியானால் முதல் விதி உண்மையாக இருக்கும் இடம் எங்குமே இல்லையா? யாரும் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒன்றை எப்படி விதி என்று சொல்கிறோம்?

எண்ணூர் கரை எழுதியது:

நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். விசை இல்லாத பொருள் நேராகப் போகும் என்கிறீர்கள். அதன் மீது விசை இல்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்டால், அது நேராகப் போகிறதே என்பீர்கள். வளைந்து போனால், ஏதோ விசை இருக்கிறது என்பீர்கள். எப்படிப் போனாலும் விதி ஜெயித்துவிடும். ஜோசியக்காரர் சொல்லும் பலனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நான் வம்புக்காகக் கேட்கவில்லை. கல்லூரியில் இதற்குப் பதில் கிடைக்காமலேயே பட்டம் வாங்கினேன்.

வியாசர்பாடி ஆய்வு மாணவன் எழுதியது:

இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். தங்கச்சியின் கேள்விக்கு எங்கள் தெருவின் கேரம் பலகையிலேயே பதில் இருக்கிறது. பவுடர் போடாத பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் அரைப் பலகையில் நின்றுவிடும். பவுடர் தூவித் தேய்த்துவிட்டுச் சுண்டினால் எதிர்க் கட்டையில் மோதித் திரும்பி வரும். பவுடர் கூடக் கூட ஓட்டம் நீள்கிறது. "எந்த உராய்வும் இல்லாவிட்டால்?" என்ற கேள்விக்கு நேரடிச் சோதனை கிடையாது, ஆனால் வரிசை எந்தத் திசையில் போகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. கலிலியோ சாய்தளங்களில் குண்டுகளை உருட்டி இப்படித்தான் யோசித்தார். நியூட்டன் 1687-இல் அதை முதல் விதியாக எழுதினார். அதற்கு முன் ஈராயிரம் ஆண்டுகளாக, ஓடும் பொருள் நிற்பதே இயல்பு, ஓடுவதற்குத்தான் காரணம் வேண்டும் என்று நம்பியவர்களும் கண்ணால் கண்டதைத்தான் நம்பினார்கள். அவர்கள் பவுடர் போடாத பலகையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எண்ணூர் அண்ணனின் கேள்வி கடினமானது. நீங்கள் சொல்வதுபோல் வாதம் வட்டமாகத்தான் சுற்றும், விசை என்ற சொல்லுக்கு முடுக்கத்தைத் தவிர வேறு அடையாளமே இல்லாவிட்டால். ஆனால் வேறு அடையாளம் இருக்கிறது. விசைக்கு ஊர் உண்டு, பேர் உண்டு. அது ஏதாவது ஒரு பொருளிலிருந்து வர வேண்டும். அந்தப் பொருள் தள்ளிப் போகப் போக விசை குறைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் விதிப்படி அதற்கு ஒரு ஜோடி இருக்க வேண்டும்: எது என்னைத் தள்ளுகிறதோ, அதை நானும் அதே அளவுக்குத் தள்ள வேண்டும். இப்போது பேருந்துப் பாட்டிலுக்கு வாருங்கள். அதை முன்னால் தள்ளிய விசை என்று ஒன்றை நீங்கள் வைத்தால், அதன் ஜோடி எங்கே? பின்னோக்கித் தள்ளப்பட்டது எந்தப் பொருள்? தேடினால் கிடைக்காது. ஜோடி இல்லாத விசை போலி விசை. அது தோன்றும் குறிப்பாயம் நிலைமக் குறிப்பாயம் அல்ல.

இதனால்தான் மூன்று விதிகளையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்க முடியாது என்று நினைக்கிறேன். ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கிறது. ஜோசியத்தோடு வேறுபடும் இடமும் இதுதான். யுரேனஸ் கணக்குப்படி ஓடவில்லை என்றதும், ஏதோ விசை இருக்கிறது என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா இருக்கவில்லை. அந்த விசையின் ஊர் எது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்கு மிக அருகில் 1846-இல் நெப்டியூனைக் கண்டுபிடித்தார்கள்.

எண்ணூர் கரை எழுதியது:

நெப்டியூன் கதை எல்லாருக்கும் தெரியும். அதே லெ வெரியே, புதன் கோளின் பாதையும் சரியாக வரவில்லை என்று கண்டு, அதற்கும் ஒரு கோளைக் கணக்கில் வைத்தாரே, அது கிடைத்ததா?

வியாசர்பாடி ஆய்வு மாணவன் எழுதியது:

கிடைக்கவில்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அளவுக்கு மிஞ்சி நின்ற அந்தப் பிசகுக்கு, 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடுதான் விடை தந்தது. உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது, அண்ணா. எப்படிப் போனாலும் ஜெயிக்கிற விதியாக இருந்திருந்தால் அது புதனிடம் தோற்றிருக்காது.

மண்ணடி வாசகர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் அறிவியல் படித்தவனல்ல. தமிழில் தலையெழுத்துக்கும் விதி என்கிறோம், நியூட்டன் சொன்னதற்கும் விதி என்கிறோம். குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லால் வருகிறதோ? யாரோ விதித்தது போலவும், பொருள்கள் அதற்குக் கீழ்ப்படிவது போலவும் காதில் விழுகிறது.

ராயபுரம் வாத்தியார் எழுதியது:

நல்ல இடத்தில் தொட்டீர்கள். பாடநூலில் ஒரே சொல் எல்லாவற்றின் மேலும் ஒட்டப்பட்டிருக்கிறது. மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்று ஓம் 1827-இல் வெளியிட்டதும் விதி, நியூட்டன் சொன்னதும் விதி. ஆனால் ஓம் விதி சில பொருள்களின் குணம். பழைய குண்டு பல்பின் இழை சூடாகும்போதே அது மீறப்படுகிறது, டையோடு அதை மதிப்பதே இல்லை. அதற்காக யாரும் இயற்பியலைத் திருத்தி எழுதுவதில்லை. நியூட்டனின் விதி எந்த ஒரு பொருளின் குணமும் அல்ல. அதனால்தான் அதில் ஒரு சிறு பிசகு தென்பட்டாலும் உலகம் முழுவதும் தேட வேண்டியிருக்கிறது.

இனி உன் இரண்டாவது கேள்வி, அம்மா. அடித்துவிட யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டாய். சோதனைதான் கொடுத்தது, வேறு யாராலும் கொடுக்க முடியாது. காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை எலக்ட்ரானிக் தராசில் வைத்தால், அது உண்மையில் பூமியின் இழுப்பைத்தான் உணர்கிறது. சென்னையில் சரிபார்த்த தராசைத் துருவத்துக்குக் கொண்டுபோனால், 10 கிலோ வஞ்சிரம் 50 கிராம் அதிகமாகக் காட்டும். இரட்டைத் தட்டுத் தராசு இரு இடத்திலும் ஒரே பதிலைச் சொல்லும், ஆனால் அதுவும் இழுப்பையும் இழுப்பையும்தான் ஒப்பிடுகிறது. அசைக்கக் கடினமாக இருக்கும் நிறையை இரண்டு தராசுமே அளப்பதில்லை. இரண்டு நிறையும் ஒரே இடத்தில் போட்டிக்கு நிற்கும் கருவி ஒன்று உண்டு: ஊசல். குண்டை இழுப்பது ஈர்ப்பு நிறை. இழுப்புக்கு முரண்டு பிடிப்பது நிலைம நிறை. எந்தப் பொருளுக்காவது இரண்டும் வேறு விகிதத்தில் இருந்தால், அதன் அலைவு நேரம் மாறும்.

நியூட்டனே இதைச் செய்து பார்த்தார். ஒரே மாதிரியான இரண்டு உருண்டை மரப்பெட்டிகளை 11 அடி நூலில் தொங்கவிட்டு, பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை என்று ஒப்பிட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்று எழுதினார். கோதுமைக்குப் பதில் நம் வீட்டில் அரிசி இருக்கிறது. நீயே ஏன் செய்து பார்க்கக் கூடாது?

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

செய்தேன் ஐயா, ஆனால் விபரீதமாக வந்திருக்கிறது.

மொட்டைமாடிப் படிக்கட்டின் மேல் இருக்கும் கொக்கியில், தங்கூசி நரம்பில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டினேன். நரம்பு பக்கத்து வீட்டு மீன்காரத் தாத்தா கொடுத்தது. கொக்கியிலிருந்து டப்பாவின் நடுமட்டம் வரை சரியாக 1 மீட்டர். எடை சமமாக இருக்க வேண்டும் என்று மளிகைக் கடையில் நிறுத்து, 125 கிராம் அரிசி, 125 கிராம் தூள் உப்பு, 125 கிராம் இரும்பு நட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். 50 அலைவுகளுக்கு ஆன நேரம், மும்முறை எடுத்த சராசரி: அரிசி 100.6 விநாடி, உப்பு 101.2, நட்டு 102.1.

அரிசியைவிட இரும்பு மெதுவாக ஆடுகிறது. அலைவு நேரம் இரு நிறைகளின் விகிதத்தின் இருபடி மூலத்தில் வருவதால், இரும்பின் நிலைம நிறை அதன் ஈர்ப்பு நிறையைவிட 3 விழுக்காடு கூடுதல் என்றல்லவா ஆகிறது? கைத்தவறு என்று நினைத்து மறுநாளும் செய்தேன், அதே எண்கள்தான்.

எண்ணூர் கரை எழுதியது:

நியூட்டனுக்கே ஆப்பு வைத்துவிட்டாய், பாப்பா.

பெரம்பூர் பட்டறை எழுதியது:

அவசரப்பட வேண்டாம். தங்கச்சி, டப்பாவின் உயரம் எவ்வளவு? அரிசி போட்டபோது எதுவரை நிரம்பியது, நட்டு போட்டபோது எதுவரை?

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

உயரம் 8 சென்டிமீட்டர். அரிசி மூடி வரை நிரம்பியது. உப்பு முக்கால் டப்பாவுக்குச் சற்றுக் கீழே. நட்டு அடியில் ஒன்றரை சென்டிமீட்டர்தான்.

இதை எழுதும்போதே புரிந்துவிட்டது அண்ணா. நான் அளந்தது டப்பாவின் நடுமட்டம். ஆடியது நட்டின் நடுமட்டம். அது 3 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது.

பெரம்பூர் பட்டறை எழுதியது:

அதேதான். 1 மீட்டர் ஊசல் 1.03 மீட்டர் ஆகிவிட்டது, 50 அலைவுக்கு ஒன்றரை விநாடி கூடுகிறது. உன் மூன்று எண்களும் அடர்த்தியின் வரிசையிலேயே ஏறுவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டறையில் எண்கள் இப்படி ஒழுங்காகப் பிசகினால், முதலில் எங்கிருந்து அளந்தாய் என்றுதான் கேட்போம். எடையை டப்பாவின் நடுவில் நிற்கும்படி துணி வைத்து இறுக்கு. நியூட்டனும் பொன்னைப் பெட்டிக்குள் சும்மா போடவில்லை. அலைவின் மையத்தில் நிற்கும்படிதான் தொங்கவிட்டார்.

வியாசர்பாடி ஆய்வு மாணவன் எழுதியது:

அவர் மறுபடி செய்து வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்கச்சி கேட்ட இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வி.

பேருந்தில் தோன்றிய போலி விசைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பாட்டிலானாலும் அரிசி மூட்டையானாலும், பிரேக் பிடித்தால் உராய்வில்லாத எல்லாப் பொருளும் ஒரே முடுக்கத்தோடு முன்னால் போகும். அதாவது போலி விசை எப்போதும் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அது வெறும் பார்வைக் கோளாறு என்பதால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஊர் பேர் உள்ள உண்மையான விசைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மின்விசை மின்னூட்டத்தைப் பார்க்கிறது, நிறையைப் பார்ப்பதில்லை. ஈர்ப்பு மட்டும் ஏன் போலி விசை மாதிரி நிறைக்குச் சரியாக ஈடுகொடுத்து இழுக்கிறது?

காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன் 1907-இல் இதைப் பிடித்துக்கொண்டார். கயிறு அறுந்து விழும் லிப்டுக்குள் இருப்பவரின் கையிலிருந்து நழுவிய சாவி, அவர் பக்கத்திலேயே மிதக்கும். அவரைப் பொறுத்தவரை அது விசை தீண்டாத பொருள். முதல் விதி உண்மையாக இருக்கும் இடம் எங்கே என்று தங்கச்சி கேட்டாரே, விழுந்துகொண்டிருக்கும் சிறிய லிப்டுக்குள், சிறிது நேரத்துக்கு, என்பதே ஐன்ஸ்டைனின் பதில். அந்தப் பதில் நிற்க வேண்டுமானால் இரண்டு நிறைகளும் கடைசித் தசமம் வரை சமமாக இருந்தாக வேண்டும்; ஏதாவது ஒரு பொருள் 3 விழுக்காடு முரண்டு பிடித்தால் கட்டடமே சரிந்துவிடும். அதனால்தான் இந்தச் சோதனையை இன்றுவரை விடாமல் செய்கிறார்கள். ஹங்கேரியின் ஈயோட்வோஷ், மெல்லிய கம்பியின் முறுக்கலை வைத்து மிகச் சிறிய விசையை அளக்கும் முறுக்குத் தராசில் செய்தார். பெரம்பூர் அண்ணன் சொன்ன பூமிச் சுழற்சியின் போலி விசையையே அதற்குப் பயன்படுத்திக்கொண்டார். 2016-இல் ஏவப்பட்ட பிரெஞ்சுச் செயற்கைக்கோளான மைக்ரோஸ்கோப், டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் சுற்றுப்பாதையில் விழவிட்டு ஒப்பிட்டது. 2022-இல் வெளியான முடிவின்படி, ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு வரைக்கும், அதாவது 15 தசம இடம் வரைக்கும், வேறுபாடு தென்படவில்லை.

எண்ணூர் கரை எழுதியது:

வட்டமாகச் சுற்றுகிறது என்ற என் குற்றச்சாட்டை முக்கால் பங்கு திரும்பப் பெறுகிறேன். மீதிக் கால் பங்கு: மூன்றாம் விதியின் ஜோடியை வைத்து உண்மை விசையையும் போலி விசையையும் பிரிக்கலாம் என்றீர்கள். விழும் சாவி பூமியைத் தன் பக்கம் இழுக்கிறது, ஆக ஈர்ப்புக்கு ஜோடி உண்டு. உங்கள் முதல் பதிலின்படி அது உண்மை விசை, இரண்டாவது பதிலின்படி போலி. எதை எடுத்துக்கொள்வது?

வியாசர்பாடி ஆய்வு மாணவன் எழுதியது:

நியூட்டன் கணக்கில் உண்மை, ஐன்ஸ்டைன் கணக்கில் போலி. மழுப்புவதாக நினைக்க வேண்டாம். லிப்டைப் பெரிதாக்கினால், ஒரு மூலையில் விழும் சாவியும் எதிர் மூலையில் விழும் சாவியும் பூமியின் மையத்தை நோக்கிச் சற்றே நெருங்கி வரும். எந்த லிப்டில் ஏறிக்கொண்டாலும் அந்த நெருக்கத்தை அழிக்க முடியாது. ஈர்ப்பில் போலியல்லாத பகுதி அதுதான். கடலின் ஓதமும் அதனால்தான் வருகிறது.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

நட்டுகளைப் பழைய பனியன் துணியில் சுற்றி டப்பாவின் நடுவில் இறுக்கினேன். உப்புக்கு மேலும் கீழும் துணி வைத்தேன். 50 அலைவுகள்: அரிசி 100.6, உப்பு 100.7, நட்டு 100.5. என் கையின் தடுமாற்றமே 0.2 விநாடி இருக்கும். அப்படியானால் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வரைக்கும் இரு நிறைகளும் சமம் என்று நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒன்று மட்டும் உதைக்கிறது. இதே அளவை வைத்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் 9.75 வருகிறது. சென்னைக்கு 9.78 என்று போட்டிருக்கிறார்கள்.

ராயபுரம் வாத்தியார் எழுதியது:

எவ்வளவு கோணம் இழுத்து விட்டாய்? அலைவு நேரத்துக்கான நம் சூத்திரம் மிகச் சிறிய கோணத்துக்குத்தான். இதே ஊரில் 1821-இல், சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்காம் ஊசலை வைத்து இதைத்தான் அளந்தார்.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

பாகைமானியை வைத்துப் பார்த்துத்தான் விட்டேன் ஐயா, 10 பாகை. அதற்காக நேரத்தில் செய்ய வேண்டிய திருத்தம் ஆயிரத்தில் ஏறக்குறைய 2 பங்கு. அதைக் கழித்தால் 9.79 வருகிறது. நரம்பைத் தாத்தா திருப்பிக் கேட்கிறார். அதனால் 5 பாகையில் இன்று இரவே ஒருமுறை எடுத்துவிடுகிறேன்.